கொடியா, கையொப்பமா: குக்கும் ஹாப்சனும்

இருவரும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள். புதிய நிலத்தை பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உரியதாக்க இருவரும் எடுத்த வழிகள் வேறு.

லெப்டினன்ட் ஜேம்ஸ் குக் 1770 ஆகஸ்ட் 22 அன்று பொசெஷன் தீவில் கொடியேற்றி, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை முழுவதையும் உரிமை கொண்டாடினார். மண்ணின் மக்களுடைய சம்மதத்தோடு செய்ய வேண்டும் என்றுதான் கடற்படைத் தலைமை அவருக்கு இரகசிய ஆணை கொடுத்திருந்தது. அவர் யாரிடமும் கேட்கவில்லை. இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாதது என்ற வாதத்தை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நிராகரித்தது 1992இல்தான், மாபோ வழக்கில்.

கேப்டன் வில்லியம் ஹாப்சன் நியூசிலாந்தில் கேட்டார். 1840 பிப்ரவரி 6 அன்று வைதாங்கியில் அம்மண்ணின் மக்களான மாவோரிகளின் தலைவர்கள், ஆட்சியை பிரிட்டனுக்கு அளித்து தங்கள் நில உரிமைக்கு வாக்குறுதி பெறும் உடன்படிக்கையில் கையெழுத்திடத் தொடங்கினர். பிறகு ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இட்டனர். எனக்கு இதுவே மேலான வழி. எழுத்தில் வாக்குறுதி இருந்ததால்தான் மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்க 1975இல் வைதாங்கி தீர்ப்பாயம் பிறந்தது.

ஆனால் ஹாப்சனும் முழுமையாகப் பொறுக்கவில்லை. கையெழுத்துகள் சேர்ந்து முடியுமுன்பே, அதே ஆண்டு மே 21 அன்று, நியூசிலாந்தின் தென் தீவைக் 'கண்டுபிடிப்பு' என்ற பெயரில் சேர்த்துக்கொண்டார். அது குக்கின் வழி.