'சுத்தமான தேன்மெழுகு' வாங்கும் வில்காரர்களே, கொஞ்சம் பொறுங்கள்

மர வில்லோ மூங்கில் வில்லோ வைத்திருப்பவர்கள் ஈரம் ஏறாமலிருக்கப் பூச, மழைக்காலத்துக்கு முன் மெழுகு தேடுவீர்கள். "காட்டுத் தேன்மெழுகு, 100% இயற்கை" என்று இணையத்தில் விற்ற அரைக் கிலோ கட்டியை வாங்கினேன். வந்தது சாயமும் சென்ட்டும் போட்ட பாரஃபின், அதாவது மெழுகுவர்த்திக்குப் போடும் பெட்ரோலிய மெழுகு.

பிரித்ததுமே வாசனை மூக்கைத் துளைத்தது. அசல் மெழுகு அவ்வளவு மணக்காது. கத்தியால் சீவி, சீவலை விரல் சூட்டில் உருட்டினேன். தேன்மெழுகு என்றால் இளகி, பிசைய வரும், லேசாக ஒட்டும். இது வழுக்கியது, அப்புறம் பொடிந்தது.

வில்லில் வைக்காமல், வெட்டி மீந்த மூங்கில் பட்டையில் சூடாகப் பூசிப் பார்த்தேன். ஆறியதும் பளபளப்பாகத்தான் இருந்தது. பட்டையை வளைத்தவுடன் குறுக்கே வெள்ளைக் கோடுகள். இன்னும் கொஞ்சம் வளைத்தால் செதில் செதிலாக உதிர்ந்தது. பாரஃபினும் தண்ணீரைத் தடுக்கும், அதை மறுக்கவில்லை. கட்டையின் வெட்டுமுகம் வெடிக்காமலிருக்க அதைப் பூசுவதுண்டு. ஆனால் சும்மா கிடக்கும் கட்டை வேறு, இழுக்கும்போதெல்லாம் வளைகிற வில் வேறு. நாணுக்கும் இது உதவாது. நூலிழைகளைச் சேர்த்துப் பிடிக்கத் தேன்மெழுகின் ஒட்டும் குணம் வேண்டும்.

விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். "இயற்கைப் பொருள் சார், நிறம் மாறத்தான் செய்யும்" என்று பதில். நிறத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை! திருப்பி எடுங்கள் என்றால், பிரித்த பொருளை எடுக்க மாட்டார்களாம். பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது? கடைசியில் பாதிப் பணம் தருகிறோம், விமர்சனத்தை நீக்குங்கள் என்றார்கள். நீக்கவில்லை. பொட்டலத்தில் தயாரித்தவர் பெயரோ முகவரியோ கிடையாது. அதுவே சட்டப்படி தவறு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் விற்றவர்கள் தீர்க்க வேண்டும். பார்ப்போம்.

உருகுநிலையை மட்டும் நம்பாதீர்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். சில பாரஃபின் வகைகளும் அதே சூட்டில்தான் உருகுகின்றன. அடர்த்தி நன்றாகக் காட்டிக்கொடுக்கும். எரிசாராயத்தில் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நம்பகமான தேன்மெழுகுத் துண்டு மூழ்காமலும் மேலே வராமலும் நடுவில் நிற்கும்படி செய்யுங்கள். அதில் பாரஃபின் துண்டைப் போட்டால் மேலே வந்துவிடும். துண்டுகளில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது, பக்கத்தில் அடுப்பும் எரியக் கூடாது. கொஞ்சமாகக் கலந்திருந்தால் இதிலும் தப்பிவிடும், அதற்கு ஆய்வகம்தான். மெழுகுக் கட்டியின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். அசல் மெழுகு நாள்பட்டால் பூக்கும், லேசாகச் சூடு காட்டினால் மறையும்.

இப்போது மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர் ஒருவரிடம் வாங்குகிறேன். கட்டியில் தேனீச் சிறகுகூட ஒட்டியிருக்கும், உருக்கித் துணியில் வடிகட்ட வேண்டும். அந்த வேலை எனக்குச் சம்மதம்தான்.

ஏற்கெனவே போலி மெழுகைப் பூசிவிட்டவர்கள் அதன்மேல் வார்னிஷ் அடிக்காதீர்கள், பிடிக்காது. டர்பென்டைன் நனைத்த துணியால் பல முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் தொடங்குங்கள்.