இணைப்புச் சொற்களைத் தொடக்க வகுப்பில் கற்பித்தல்: பட்டியலா, வாக்கிய இணைப்பா, பாதி வாக்கியமா?

தொடக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் பத்திகளில் இரண்டு குறைகளை அடிக்கடி காணலாம். ஒன்று, 'அப்புறம்', 'அப்புறம்' என்று எல்லாவற்றையும் ஒரே வாக்கியமாக நீட்டிக்கொண்டே போவது. மற்றொன்று, தொடர்பு எதுவும் காட்டாமல் சின்னச் சின்ன வாக்கியங்களை அடுக்கி வைப்பது. இரண்டையும் சரிசெய்ய இணைப்புச் சொற்களைக் கற்பிக்க வேண்டும் என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. எந்த வழியில் கற்பிப்பது என்பதில்தான் வேறுபாடு எழுகிறது.

மிகப் பழக்கமான வழி பட்டியல். 'ஆனால், எனவே, அல்லது, மேலும், ஏனெனில்' என்று கரும்பலகையில் எழுதி, பொருள் சொல்லி, மனப்பாடம் செய்வித்து, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வது. ஆங்கில வகுப்புகளில் ஏழு இணைப்புச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டி அமைத்த 'ஃபேன்பாய்ஸ்' என்னும் நினைவுக்குறியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அந்த ஏழில் முதலில் நிற்கும் 'ஃபார்', 'ஏனெனில்' என்ற பொருள் தரும் இணைப்புச் சொல்லாக இன்றைய பேச்சில் ஏறக்குறைய வழங்குவதே இல்லை என்றாலும், எழுத்துக்கூட்டு நிறைவு பெற வேண்டும் என்பதற்காகவே குழந்தை அதையும் சுமக்கிறது. பட்டியலின் நன்மை வெளிப்படையானது: நேரம் குறைவு, திருத்துவது எளிது, பெயர் சொல்லிப் பேச ஒரு பொதுச்சொல் கிடைக்கிறது. ஆனால் 'மழை பெய்தது, ____ விளையாடப் போகவில்லை' என்ற இடத்தைச் சரியாக நிரப்பிய மாணவர் பொருளுணர்ந்து நிரப்பினாரா, மீதமிருந்த சொல்லை எழுதினாரா என்பது விடைத்தாளில் தெரிவதில்லை.

தமிழைப் பொறுத்தவரை பட்டியலுக்கு இன்னொரு குறையும் உண்டு. நம் மொழியில் இணைப்பு வேலையின் பெரும்பகுதியைத் தனிச்சொற்கள் செய்வதில்லை. 'கவினும் மீனாவும்' என்பதில் உம்மை, அதாவது 'உம்' என்னும் இடைச்சொல், சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. 'கதவைத் திறந்து உள்ளே வந்தான்' என்பதில் இணைப்புச் சொல்லே இல்லாமல் வினையெச்சம் அந்த வேலையை முடித்துவிடுகிறது. உம்மைக்கு எட்டுப் பொருள்களை நன்னூல் தருகிறது. தொடக்க வகுப்புக்கு அவற்றில், 'கவினும் மீனாவும்' என்பதுபோல் எண்ணி அடுக்கும் எண்ணும்மை ஒன்றே போதும். அந்த ஒன்றைக்கூடத் தனிச்சொற்களின் பட்டியலில் வைக்க இடமில்லை.

இரண்டாவது வழியான வாக்கிய இணைப்பு இந்தக் குறையை நேரடியாகத் தீர்க்கிறது. இரண்டு சிறு வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்கிறோம். 'கவின் வந்தான். மீனா வந்தாள்.' என்பதை இணைக்கும் குழந்தை இருபுறமும் உம்மை சேர்ப்பதோடு நிற்க முடியாது. வினையையும் 'வந்தார்கள்' என்று மாற்ற வேண்டும். 'நெருப்புக்கோழிக்குச் சிறகு உண்டு. நெருப்புக்கோழி பறக்காது.' என்பதை இணைக்கும்போது, திரும்ப வரும் பெயரை நீக்கி 'அது' என்று எழுதவும், முன்னது எழுப்பும் எதிர்பார்ப்பைப் பின்னது மறுப்பதால் 'ஆனால்' வேண்டும் என்று உணரவும் நேர்கிறது. ஒரே இணைக்கு இரண்டு மூன்று சரியான விடைகள் வரும். அவற்றைப் பலகையில் அடுத்தடுத்து எழுதி எது நன்றாக ஒலிக்கிறது என்று வகுப்பே பேசும் அந்தச் சில நிமிடங்கள்தாம் இந்த முறையின் உயிர். எழுத்துக்கு முன் வாய்மொழியாகவே இதைச் செய்யலாம் என்பதால், இன்னும் சரளமாக எழுத வராத பிள்ளைகளும் விலகி நிற்க வேண்டியதில்லை.

ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. எழுத்துக் கற்பித்தலை ஆராயும் ஸ்டீவ் கிரகாம், டோலோரஸ் பெரின் இருவரும் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2007இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், வாக்கிய இணைப்புப் பயிற்சி எழுத்துத் தரத்தில் ஏற்படுத்திய விளைவின் அளவு 0.50, தனித்த இலக்கணப் பாடத்தின் அளவு எதிர்மறையாக 0.32 (சுழியம் என்றால் மாற்றமில்லை, எதிர்மறை என்றால் ஒப்பிட்ட குழுவைவிடத் தரம் குறைவு). அந்த ஆய்வு 4 முதல் 12 வரையிலான வகுப்புகளைப் பற்றியது; அதைவிடச் சிறிய குழந்தைகளுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்துவது முறையாகாது. இம்முறைக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு: நீண்ட வாக்கியமே நல்ல வாக்கியம் என்று குழந்தை எண்ணிவிடுகிறது. அதைத் தடுக்க, இணைப்பதைப் போலவே நீண்ட வாக்கியத்தைப் பிரிக்கும் பயிற்சியும் தர வேண்டும்.

மூன்றாவது வழி, பாதி வாக்கியத்தைக் கொடுத்து முடிக்கச் சொல்வது. 'வௌவால் பறக்கும், ஆனால்…', 'வௌவால் பறக்கும், அதனால்…', 'வௌவால் பறக்கும், மேலும்…' என்று தொடக்கம் ஒன்றாகவும் இணைப்பு வேறாகவும் இருக்கும். 'ஆனால் அது பறவை அன்று' என்று எழுதும் மாணவருக்கு 'ஆனால்' புரிந்திருக்கிறது. 'ஆனால் அதற்கு இறக்கை உண்டு' என்று எழுதுபவருக்குப் புரியவில்லை. இவ்வளவு தெளிவாகப் புரிதலைக் காட்டும் பயிற்சி வேறில்லை. ஆனால் வௌவாலைப் பற்றி எதுவும் அறியாத குழந்தை இங்கே தடுமாறினால், அதை மொழிக்குறை என்று ஆசிரியர் தவறாகக் கணிக்கக்கூடும். எனவே அப்போதுதான் நடத்தி முடித்த அறிவியல் பாடத்திலிருந்தே தொடக்கங்களை எடுப்பது நல்லது. ஒவ்வொரு விடையும் வேறாக இருப்பதால் திருத்தும் நேரம் கூடுவதும் உண்மையே.

மூன்றில் ஒன்றையே தேர வேண்டுமெனில், வாக்கிய இணைப்பையே தயக்கமின்றித் தேர்வேன். பாதி வாக்கியத்தை வாரம் ஒரு முறை, புரிதலை அறியும் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். பட்டியலை நீக்க வேண்டியதில்லை. மாணவர்கள் பல வாரங்கள் பயன்படுத்திய சொற்களை அவர்களே தொகுத்துச் சுவரில் ஒட்டும் கடைசிக் கட்டமாக அதை மாற்றினால் போதும். வரிசையிலும் அவசரம் கூடாது. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் முதலாம் ஆண்டில் 'அண்ட்' ஒன்றை வைத்தே வாக்கியங்களை இணைக்கச் சொல்லி, இரண்டாம் ஆண்டில்தான் 'ஆர்', 'பட்' இரண்டையும் சேர்க்கிறது. தமிழிலும் எண்ணும்மை, பிறகு 'ஆனால்', அதன்பின் 'அதனால்' என்று போகலாம். 'அல்லது' வரும்போது 'பேனா அல்லது பென்சில்' போன்ற அஃறிணை எடுத்துக்காட்டுகளோடு தொடங்குவது பாதுகாப்பானது. 'கவின் அல்லது மீனா' என்று தொடங்கினால், வினை 'வருவான்' என்று முடியுமா 'வருவாள்' என்று முடியுமா என்ற கேள்வியில் பாடம் சிக்கிக்கொள்ளும்.