ஒற்றை மரபணுவா, பேனலா, முழு மரபணுத் தொகுதியா?

குடும்பத்தில் சின்ன வயதிலேயே இரண்டு மூன்று பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தால், எந்த மரபணுப் பரிசோதனை எடுப்பது என்ற கேள்வி வரும். பெரிய டெஸ்டாக எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

உறவினர் ஒருவரிடம் நோய்க்குக் காரணமான பிறழ்வு (மரபணுவில் உள்ள பிழை) ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்து உறவுகளுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இருக்கிறதா இல்லையா என்று தெளிவாகத் தெரிந்துவிடும். உதட்டில் கரும்புள்ளிகளும் குடலில் பாலிப்புகளும் (சிறு சதை வளர்ச்சிகள்) சேர்ந்திருந்தால் நேராக எஸ்டிகே11 மரபணுவைப் பார்க்கலாம்.

ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் இப்படித் தெளிவான தடயம் கிடைப்பதில்லை. இளவயது மார்பகப் புற்றுநோய்க்குப் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, பால்பி2, டிபி53 என்று எந்த மரபணு வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். ஒவ்வொன்றாகத் தேடிக் காலத்தை வீணாக்குவதைவிட, பல மரபணுக்களை ஒரே சோதனையில் பார்க்கும் பேனல்தான் சரி என்பேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'பொருள் தெளிவற்ற மாற்றம்' (நோயை உண்டாக்குமா இல்லையா என்று சொல்ல முடியாத மாற்றம்) என்று ஒரு வரி வந்து ஆளைக் கலங்கடிக்கும். அதை நம்பி அறுவை சிகிச்சைக்குப் போகவே கூடாது. பின்னாளில் மறுவகைப்படுத்தும்போது இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே ஆகின்றன.

டிபி53-இல் இன்னும் கவனம் வேண்டும். ஒரே குடும்பத்தில் பலவகைப் புற்றுநோய்களை இளவயதிலேயே வரவழைக்கும் ஒரு பரம்பரை நோயை 1969-இல் லீ, ஃபிரௌமேனி என்ற மருத்துவர்கள் விவரித்தார்கள். அதற்கு இதுதான் காரணம் என்று 1990-இல் தெரியவந்தது. பிறவியிலேயே வந்த பிறழ்வு என்றால் ரத்த மாதிரியில் உள்ள அந்த மரபணுவின் பிரதிகளில் ஏறக்குறைய பாதியில் தெரிய வேண்டும். அறிக்கையில் 15 சதவீதம்தான் என்றால், வயதாவதாலோ கீமோதெரபியாலோ ரத்த அணுக்களில் மட்டும் உண்டான மாற்றமாக இருக்கலாம். அப்போது தோல் செல்களை வளர்த்து மறுபடி பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் பிள்ளைகளையும் சோதிக்கத் தொடங்கினால் வீட்டையே வீணாகப் பயமுறுத்தியதாகிவிடும்.

முழு மரபணுத் தொகுதியைப் படிப்பது முதல் படியாக வேண்டாம். தெளிவற்ற மாற்றங்கள் அதில் இன்னும் அதிகம். பேனலில் ஒன்றும் கிடைக்காமல் சந்தேகம் மட்டும் வலுவாக இருந்தால் அதற்குப் போகலாம். குடல், கருப்பைப் புற்றுநோய்களை வரவழைக்கும் லிஞ்ச் நோய்க்குறிக்குக் காரணமான எம்எஸ்எச்2 மரபணுவில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தால், வழக்கமான பேனல் அதைத் தவறவிடக்கூடும்.

எதை எடுத்தாலும், முடிந்தவரை புற்றுநோய் வந்தவரிடமிருந்தே தொடங்குங்கள். நோய் வராதவருக்கு மட்டும் எடுத்து 'இல்லை' என்று வந்தால், அவருக்குப் பிறழ்வு வரவில்லையா, குடும்பத்துப் பிறழ்வே பிடிபடவில்லையா என்று சொல்ல முடியாது.