ஆல் இன்க்ளூசிவ் என்றால் டைவிங்கும் சேர்த்தா? தெற்கு அரி அட்டோல் விடுதி, ஒரு விமர்சனம்

மாலத்தீவில் 'ஆல் இன்க்ளூசிவ்' என்று விற்கப்படும் பெரும்பாலான பேக்கேஜ்களில் ஸ்கூபா டைவிங் சேராது. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பானங்கள், சாயங்கால டீ பலகாரம், சில இடங்களில் ஸ்நார்க்கலிங் முகமூடியும் ஒரு படகுச் சவாரியும், அவ்வளவுதான். டைவிங்குக்குத் தனி பில். இதை முதல் வரியிலேயே சொல்லக் காரணம், நான் விலை விசாரித்த ஏஜென்ட்கள் யாரும் தாங்களாக இதைச் சொல்லவில்லை. குறிப்பாகக் கேட்ட பிறகுதான் டைவ் சென்டரின் விலைப் பட்டியல் தனியாக வந்தது.

நாங்கள் நாகர்கோவில்காரர்கள். நான் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்க நிலை டைவிங் பயிற்சி முடித்து, பிறகு அடுத்த நிலையான அட்வான்ஸ்டும் எடுத்தவள். என் கணவர் மேலே மிதந்தபடி பார்ப்பதோடு சரி. இருவருக்கும் மதுப் பழக்கம் இல்லை. ஒருவர் டைவ் செய்பவர், ஒருவர் செய்யாதவர் என்ற ஜோடிக்கு இந்த விடுதி எப்படி இருந்தது என்பதே இந்த விமர்சனம். விடுதியின் பெயரை எழுதவில்லை. சில குறைகளைச் சொல்லப் போகிறேன், அவை அந்த ஒரு தீவுக்கு மட்டும் உரியவை அல்ல. தெற்கு அரி அட்டோல் (வளையமாக அமைந்த பவளத் தீவுக் கூட்டம்) ஒன்றில், தண்ணீரில் இறங்கும் சிறு விமானமான சீப்ளேனில் போய்ச் சேரும், நடுத்தர விலைத் தீவு. போனது பிப்ரவரியில்.

அறையையோ நீச்சல் குளத்தையோ பார்த்து இந்தத் தீவைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஹவுஸ் ரீஃப், அதாவது தீவைச் சுற்றியே இருக்கும் பவளப்பாறை, கரைக்கு எவ்வளவு பக்கம் என்பதைத்தான் பார்த்தேன். செயற்கைக்கோள் வரைபடத்தில் தீவைப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும். கரையை ஒட்டிய வெளிர்நீலப் பட்டை ஒடுக்கமாக இருந்து, உடனே கருநீலம் ஆரம்பித்தால் பாறையின் விளிம்பு நீந்திப் போகும் தூரத்தில் இருக்கிறது. வெளிர்நீலம் அகலமாகப் பரந்து கிடந்தால் அது ஆழமில்லாத காயல். தண்ணீர் வில்லாக்களின் படம் எடுக்க அருமையான இடம், ஆனால் ஒவ்வொரு டைவுக்கும் படகு ஏற வேண்டும், ஒவ்வொரு படகுக்கும் பணம் கட்ட வேண்டும். டைவிங்குக்காகப் போகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஹவுஸ் ரீஃபுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். பாறையில் இயற்கையாக உள்ள இடைவெளிகளில் கயிறு கட்டி, எண் பலகை வைத்திருக்கிறார்கள். அந்த வழியாக இறங்கினால் பவளத்தை மிதிக்காமல் விளிம்புக்குப் போய்விடலாம். காலையில் டைவ் சென்டர் பலகையில் அன்றைய நீரோட்டம் எந்தப் பக்கம் என்று எழுதுவார்கள். ஒரு எண்ணில் இறங்கி, நீரோட்டத்தோடு போய், அடுத்த எண்ணில் கரையேறுவதுதான் முறை. சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்து நாம் சொல்லும் இடத்துக்கே கொண்டுவந்து தந்தார்கள்.

விளிம்பைத் தாண்டியதும் சுவர் மாதிரி இறங்கும் பாறை. பாரை மீன் கூட்டம் அடிக்கடி குறுக்கே பாயும். பொந்துக்குள் பாம்பு போன்ற அஞ்சாலை மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அழுங்காமை ஒன்று பாறையைக் கொத்திக்கொண்டிருந்தது, பக்கத்தில் நான் இருப்பதைப் பொருட்படுத்தவே இல்லை. களவாவையும் சங்கராவையும் குளச்சல் மீன் ஏலத்தில் மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு, அவை உயிரோடு தம் இடத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தது பெரிய சந்தோஷம். என் கணவர் மேலே மிதந்துகொண்டே இதில் பாதியைப் பார்த்துவிட்டார். கரையோர ஆழமற்ற தண்ணீரில், செட்டை நுனி கறுத்த குட்டிச் சுறாக்கள் காலைச் சுற்றி வரும், ஒன்றும் செய்யாது. டைவ் செய்யாத துணையோடு போகிறவர்களுக்கு நல்ல ஹவுஸ் ரீஃபை விட முக்கியமான வசதி வேறு எதுவும் இல்லை.

பவளத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். மாலத்தீவின் பவளப்பாறைகள் 1998-லும் 2016-லும் கடல் சூடேறி மோசமாக வெளுத்தன. 2024-ல் உலக அளவில் இன்னொரு வெளுப்பு. அதனால் மேல் ஐந்து மீட்டரில் உடைந்த கிளைகள் நிறையக் கிடந்தன, அவற்றின் மேல் புதிய பவளம் சின்னதாக வளர்ந்துகொண்டிருந்தது. பழைய புகைப்படங்களில் உள்ள நிறங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மீன் வளம் நிறைவாக இருக்கிறது. அந்தச் சின்னப் பவளங்களின் மேல் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) படாமல் நீந்துங்கள்.

டைவ் சென்டர் நன்றாக நடக்கிறது. முதல் நாள் ஹவுஸ் ரீஃபில் ஒரு செக் டைவ். முகமூடியில் தண்ணீர் விட்டு வெளியேற்றுவது, மூச்சுவிடும் கருவியான ரெகுலேட்டரை மீட்டு எடுப்பது, மிதப்பைச் சரிபார்ப்பது எல்லாம் செய்து காட்டச் சொன்னார்கள். சர்ட்டிஃபிகேட், லாக் புக் இரண்டையும் பார்த்தார்கள். எனக்கு இது பிடித்திருந்தது, ஏனென்றால் அரி அட்டோலின் நல்ல இடங்கள் 'திலா' எனப்படும், கடலுக்குள் குன்று போல எழும்பி நிற்கும் பாறைகள். அங்கே நீரோட்டம் பலமாக இருக்கும். சாதாரணச் சுற்றுலா டைவிங்குக்கு மாலத்தீவில் 30 மீட்டர்தான் எல்லை, அதையும் எங்கள் வழிகாட்டிகள் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள். ஆக்ஸிஜன் கூடுதலாக உள்ள நைட்ராக்ஸ் காற்றுக்குச் சான்றிதழ் இருந்தால், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. தண்ணீர் 28 டிகிரி அளவில் இருந்தது, 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும். வாடகை ரெகுலேட்டர்கள் புதியவை. ஃபின்கள்தான் பழசு, நாங்கள் சொந்தமாக எடுத்துப் போனது நல்லதாயிற்று.

மாத விஷயம் கொஞ்சம் சொல்கிறேன். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவம், கடல் அமைதியாக இருக்கும், நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். அட்டோலின் கிழக்குப் பக்கத்தில் தண்ணீர் தெளிவு. மிதவை உயிரிகள் மேற்குப் பக்கம் அடித்துச் செல்லப்படுவதால் மாந்தா திருக்கைகளும் அப்போது மேற்குப் பக்கத்தில்தான். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் இது அப்படியே தலைகீழ். நாங்கள் போன பிப்ரவரியில், மேற்கு விளிம்பில் உள்ள ரங்காலி மடிவரு என்ற டைவ் இடத்தில் மாந்தாவைப் பார்த்தோம். அகல விரித்த செட்டையோடு பாறை மேல் வட்டமிட்டது, சின்ன மீன்கள் அதன் உடம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. நாங்கள் மணலில் மண்டியிட்டு அசையாமல் இருந்தோம், அது எங்கள் தலைக்கு மேலேயே போனது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

அப்புறம் திமிங்கலச் சுறா. இதற்காகத்தான் பலர் தெற்கு அரிக்கு வருகிறார்கள், ஆண்டு முழுவதும் பார்க்கக் கிடைக்கும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று. இங்கே வருபவை பெரும்பாலும் இளம் ஆண் சுறாக்கள். அவை வரும் தென் விளிம்பு 2009-ல் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியாக அறிவிக்கப்பட்டது. விதிகள் தெளிவானவை: தொடக் கூடாது, உடம்பிலிருந்து மூன்று மீட்டர், வாலிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், முன்னால் போய் வழியை மறிக்கக் கூடாது. நாங்கள் போன அன்று நடந்தது வேறு. ஒரு சுறா தெரிந்ததும் பல திசைகளிலிருந்து படகுகள் விரைந்து வந்தன, ஏராளமானவர்கள் ஒரே நேரத்தில் குதித்தார்கள். எங்கள் படகும் சேர்ந்துகொண்டது. சுறா சில நிமிடங்களில் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. திரும்பியதும் டைவ் சென்டர் பொறுப்பாளரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், ஆனால் "விருந்தினர்கள் எதிர்பார்க்கிறார்கள்" என்றார். விருந்தினராகிய நாம்தான் வேறு மாதிரி எதிர்பார்க்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே, கூட்டம் இருந்தால் உங்கள் படகு ஒதுங்கி நிற்குமா என்று கேளுங்கள். நான் இனி கேட்காமல் அந்தப் பயணத்துக்குப் பணம் கட்ட மாட்டேன்.

சரி, பணம். விலைப் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும், 2025 ஜூலை முதல் 17 சதவீதம் ஆன சுற்றுலா வரியும் மேலே ஏறும். ஒரு படகு டைவ் 80 டாலர் என்று போட்டிருந்தால் கையிலிருந்து போவது ஏறக்குறைய 103 டாலர். பசுமை வரி என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர் தனி, 2025 ஜனவரிக்கு முன் இது ஆறாக இருந்தது. படகுக் கட்டணம், உபகரண வாடகை, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரு டைவுக்கு மொத்தம் எவ்வளவு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்து டைவ் பேக்கேஜை முன்கூட்டியே எடுத்தால் குறையும். ஹவுஸ் ரீஃபில் வரம்பில்லாத டைவ் என்ற பேக்கேஜ் இருந்தால் அதுதான் லாபம்.

மது அருந்தாதவர்களுக்கு ஆல் இன்க்ளூசிவ் தேவையா? அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு பாருக்கானது. டைவுக்கு முன் குடிக்கக் கூடாது, முந்தின இரவு அதிகமாகக் குடிப்பதும் ஆபத்து. ஆகவே குடிப்பவராக இருந்தாலும் தினமும் இரண்டு டைவ் செய்பவருக்கு அந்தக் காசு முழுவதும் திரும்பி வராது. ஆனால் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் மட்டும் சேர்ந்த ஃபுல் போர்டு எடுத்தால் பல விடுதிகளில் சாப்பாட்டு வேளைக்கு வெளியே குடிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காபிக்கும்கூட பில் வரும். டைவ் முடித்து வந்தால் தாகமும் பசியும் எடுக்கும். எங்களுக்கு இரண்டு விலைக்கும் வித்தியாசம் குறைவாக இருந்ததாலும், கணவருக்கு ஸ்நார்க்கலிங் படகு அதில் சேர்ந்திருந்ததாலும் ஆல் இன்க்ளூசிவ் சரியாக வந்தது. இரண்டு பேருமே டைவ் செய்பவர்கள் என்றால் நான் ஃபுல் போர்டைத்தான் சொல்வேன்.

சாப்பாடு நன்று. காலையில் மாஸ் ஹுனி, அதாவது சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்தது, ரொஷி ரொட்டியோடு. நம் ஊர் நாக்குக்கு உடனே பிடிக்கும். இரவு பஃபே நாலாம் நாளில் சலிப்புத் தட்டியது. பரிமாறியவர்களில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் இருந்தார். "அக்கா, காலமை சொல்லிவிட்டியள் எண்டால் பின்னேரம் செய்து தருவினம்" என்றார். ரசம் வேண்டும் என்று சொன்னேன், அன்று இரவே வந்தது.

பயண நேரம் பற்றி. திருவனந்தபுரத்திலிருந்து மாலே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் நெருங்கி இறங்கும் விமானத்தை எடுத்தால் ஒரு இரவு, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹுல்ஹுமாலேயில் தங்க வேண்டும். சீப்ளேனில் 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை, அதற்கு மேல் எடைக்குப் பணம். டைவிங் சாமான் கொண்டுபோகிறவர்கள் இதைப் பார்த்துப் பெட்டி கட்டுங்கள். மதுவும் வழிபாட்டுச் சிலைகளும் சுங்கத்தில் அனுமதி இல்லை, கைப்பையில் சின்ன சாமி சிலை வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். எங்கள் சென்டர் 24 என்று வைத்திருந்தது. சீப்ளேன் காலையிலேயே கிளம்பக்கூடும், எனவே கடைசி முழு நாள் டைவிங்குக்கு இல்லை என்று கணக்கு வைத்துத்தான் எத்தனை இரவு என்று முடிவு செய்ய வேண்டும்.

உடல்நலப் படிவத்தை இணையத்தில் இறக்கி ஊரிலேயே நிரப்புங்கள். சில கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும், தீவில் போய் அதற்கு அலைய முடியாது. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா சேராது. டைவிங்கால் வரும் அழுத்த நோய்க்கான அழுத்த அறை சிகிச்சை வசதி உள்ள தீவுகள் சில மட்டுமே, பந்தோஸும் குராமதியும் அவற்றில் உண்டு. அங்கே கொண்டுபோகும் செலவைத் தரும் டைவிங் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தில் ஹவுஸ் ரீஃபுக்கு ஐந்துக்கு ஐந்து, டைவ் சென்டருக்கு நாலரை, சாப்பாட்டுக்கு மூன்றரை, திமிங்கலச் சுறாப் படகுக்கு இரண்டு. கணவர் இப்போது நீச்சல் வகுப்புக்குப் போகிறார். அவர் ஓப்பன் வாட்டர் முடித்தால் அதே தீவுக்கு, ஃபுல் போர்டில், மீண்டும் பிப்ரவரியில் போவோம்.