நூலைக் கொளுத்திக் காட்டியதை நம்பி ₹4,850 போச்சு: லினன் சட்டை, தோல் செருப்பு வாங்குவோர் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல பேர் போனில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற விளம்பரம்தான். வெயில் காலத்துக்கு ஆண்கள் துணிமணி விற்கும் ஒரு சமூக ஊடகப் பக்கம். இரண்டு அரைக்கை லினன் சட்டை, ஒரு ஜோடி தோல் செருப்பு, மொத்தம் ₹4,850. கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, முழுப் பணமும் முன்கூட்டியே யுபிஐ-யில்.

நம்ப வைத்த இடம் வீடியோ கால். "அண்ணே, நீங்களே பாத்துக்கங்க" என்று விற்கிற பையன் சட்டையின் கீழ்மடிப்பில் ஒரு நூலை உருவி லைட்டரைக் காட்டினான். காகிதம் போல எரிந்தது, சாம்பல் விரலில் பொடிந்தது. பாலியெஸ்டர் என்றால் உருகி உருண்டை கட்டியிருக்கும். கட்டவில்லை. பணம் போனது.

சூது எங்கே தெரியுமா? அவன் உருவியது ஊடை நூல், அதாவது துணியில் குறுக்கே ஓடுவது. அது மரக்கூழில் செய்கிற விஸ்கோஸ், அதுவும் காகித வாசத்தோடுதான் எரியும். பார்சல் வந்த பிறகு நீளவாக்கில் ஓடும் பாவு நூலைக் கொளுத்தினால் கருமணியாக உருகுகிறது. பாவு முழுக்க பாலியெஸ்டர். கண்டாங்கிச் சேலை நெய்கிற ஊர்க்காரர்களிடமே இந்த வேலை! கழுத்தில் '100% லினன்' என்று லேபிள். பக்கத் தையலில் இருந்த லேபிளைக் கத்தரித்திருக்கிறார்கள், மிச்சத்தில் 'பாலி' மட்டும் நிற்கிறது. லினன் நூல் தன் எடையில் சுமார் 12 சதவீதம் ஈரம் வாங்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. சித்திரை வெயிலில் இந்தச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

செருப்பு இன்னும் மோசம். "ஆம்பூர் தோலுண்ணே" என்றான். வாரின் வெட்டு விளிம்பில் தோல் நார் இல்லை, வெள்ளை வலைத்துணி தெரிகிறது. துணிமேல் பூசிய ரெக்சின், அவ்வளவுதான். வார் முனையை அடித்தட்டுக்குள் செருகித் தைக்காமல் வெறும் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். தார் ரோட்டுச் சூட்டில் பசை இளகி, பெருவிரல் வளையம் கையோடு வந்துவிட்டது. 8-ம் நம்பர் கேட்டதற்கு 42 என்று ஸ்டிக்கர். அளந்தால் உள்தட்டு 25 செ.மீ., அதில் 6-ம் நம்பர் கால்தான் நுழையும்.

கேட்டால்? முதலில் "டீம் கூப்பிடுவாங்க சார்". அண்ணன் அதற்குள் சார் ஆகிவிட்டார். பிறகு "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" அதையும் அனுப்பினால் "சேல் ஐட்டம், சைஸ் மட்டும்தான் மாத்துவோம்". கடைசியில் பிளாக். ₹4,850-க்கு பில்லும் இல்லை.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. பாவு, ஊடை இரண்டையும் தனித்தனியாகக் கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள். நூலை நனைத்து இழுக்கச் சொல்லுங்கள்: விஸ்கோஸ் நனைந்தால் பட்டென்று அறும், லினன் இன்னும் உறுதியாகும். செருப்பில் வாரின் வெட்டு விளிம்பைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள், உள்தட்டின் நீளத்தை செ.மீ.-இல் கேளுங்கள். முகவரி போட்ட பில் தராதவனிடம் முன்பணம் வேண்டாம்.

ஏமாந்தவர்கள் 1915-க்கு அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். ஆன்லைன் விற்பனையில் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 விதி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ₹5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இந்த ₹4,850-க்கும் அங்கேதான் மனு போகிறது.