மலையக நகரமொன்றின் புதிய பஸ் நிலையம்: கட்டடம் நன்று, ஒப்பந்தம் போதாது

எங்கள் பிரதேச சபையின் காணியில் தனியார் நிறுவனமொன்று கட்டி நடத்திவரும் பஸ் நிலையத்தைத் திறந்த நாள் முதலே பயன்படுத்தி வருகிறேன். கீழ்த்தளத்தில் பஸ்கள், மேல்தளங்களில் கடைகள். கடை வாடகை நிறுவனத்துக்கு, குத்தகைக் காலம் முடிந்ததும் கட்டடம் சபைக்கு என்பதே ஏற்பாடு.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். முன்பு இருந்தது ஓட்டை விழுந்த தகரக் கொட்டகை. தென்மேல் பருவ மழை சாய்ந்து அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் தோட்டத்துக்குத் திரும்பும் பெண்கள் கோதுமை மாவையும் பிள்ளைகளின் கொப்பிகளையும் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி நிற்பார்கள். இன்று அகலமான கொங்கிரீட் கூரை இருக்கிறது, இருக்கைகள் இருக்கின்றன, தாய்மார் பாலூட்டுவதற்குக் கதவுள்ள அறை இருக்கிறது. மலசலகூடத்துக்கு 50 ரூபாய் வாங்குகிறார்கள். பகலில் தண்ணீரும் சுத்தமும் குறைவில்லாமல் இருப்பதால் அந்தக் கட்டணத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை இருட்டியபின் தொடங்குகிறது. மேல்தளத்துக் கடைகள் மூடப்பட்டதும் கீழ்த்தள விளக்குகளும் அணைகின்றன. இரண்டுக்கும் ஒரே சுவிட்ச் போர்ட். மேற்கணக்குத் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் அதற்குப் பிறகுதான் வருகிறது. புடவைக் கடைகளிலும் பேக்கரிகளிலும் வேலை முடித்த பெண்பிள்ளைகள் கைபேசி வெளிச்சத்தில் படியைத் தேடி இறங்குகிறார்கள், அந்நேரம் மலசலகூடமும் பூட்டப்பட்டிருக்கும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயொன்றின் வாய், பஸ்ஸில் ஏறக் கால் வைக்கும் இடத்திலேயே திறந்திருக்கிறது. காவலாளியிடம் கேட்டால், “டீச்சர், போர்ட் சாவி கம்பனியிடம்தான்” என்கிறார். கம்பனியோ கீழ்த்தளத்து மின்கட்டணம் சபையுடையது என்கிறது. எல்லாம் ஒப்பந்தப்படிதான் நடக்கிறது என்பது சபையின் பதில்.

ஆகவே ஒப்பந்தத்தையே கேட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசுடனோ உள்ளூராட்சி அமைப்புடனோ ஒப்பந்தம் செய்து பொதுச் சேவை நடத்தும் தனியார் நிறுவனத்தையும், அந்தச் சேவையின் அளவுக்கு, பகிரங்க அதிகாரசபையாகவே கருதுகிறது. இது நம்மில் பலரும் அறியாத, ஆனால் மிகவும் பயன்படும் ஏற்பாடு. பிரதி கைக்குக் கிடைத்தது. கடை முகப்பின் பெயர்ப்பலகை எத்தனை அடி உயரம் இருக்கலாம், கடையைக் கைமாற்றும்போது யாருக்கு எவ்வளவு செலுத்த வேண்டும் என்பவற்றுக்குப் பக்கம் பக்கமாக வாசகங்கள் இருந்தன. பயணிகளைப் பற்றி இருந்ததோ ஒரே வரி: வசதிகள் நல்ல நிலையில் பேணப்பட வேண்டும். நல்ல நிலை என்றால் என்ன, யார் வந்து பார்ப்பது, பேணாவிட்டால் என்ன தண்டம் என்று ஒரு சொல்லும் இல்லை. விளக்கு அணைவது ஒப்பந்த மீறல் என்று நிறுவவே முடியாது.

இதை எங்கள் சபையின் தவறாக மட்டும் பார்க்க எனக்கு மனமில்லை. இலங்கையில் இதுபோன்ற அரச–தனியார் பங்குடைமைத் திட்டங்கள் நீண்ட காலமாக 1998ஆம் ஆண்டின் கொள்வனவு வழிகாட்டல்களை நம்பியே நடந்து வந்துள்ளன; இதற்கென ஒரு தேசிய முகவரகம் 2017இல்தான் அமைக்கப்பட்டது. கொழும்புத் துறைமுகத்தின் எலிசபெத் மகாராணி இறங்குதுறையை 1999இல் 30 ஆண்டுகளுக்குத் தனியார் தலைமையிலான நிறுவனமொன்றிடம் கையளித்தபோது இரு பக்கமும் சட்டத்தரணிகளும் நிதி ஆலோசகர்களும் அமர்ந்திருப்பார்கள். பிரதேச சபைக்கு அந்த வசதி ஏது? நிறுவனம் கொண்டுவரும் வரைவில் கையெழுத்திடுவதே வழக்கமாகிவிடுகிறது. இத்திட்டங்களுக்கான தேசிய சட்ட ஏற்பாடுகளைச் சீர்திருத்துவது பற்றிய பேச்சுகள் துறைமுகம், அதிவேகப் பாதை, மின்நிலையம் என்ற அளவிலேயே நிற்பதுதான் என் கவலை. பெறுமதி வரம்பொன்றை வைத்து அதற்குக் கீழ்ப்பட்டவற்றை விட்டுவிட்டால் மலையக மக்கள் அன்றாடம் தொட்டுப் பழகும் திட்டங்கள் அனைத்தும் வெளியே நின்றுவிடும்.

சிறிய திட்டங்களுக்கு ஒழுங்கான ஒப்பந்தம் சாத்தியமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நமது ஓடைகளிலும் ஆறுகளிலும் தனியார் அமைத்த சிறு நீர்மின் நிலையங்களுக்கென, 10 மெகாவாட் வரையானவற்றுக்கு, மின்சார சபை 1990களிலேயே ஒரே மாதிரியான நியம மின்கொள்வனவு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முதலீட்டாளரோடும் தனித்தனியே பேரம் பேசத் தேவையிருக்கவில்லை. பஸ் நிலையம், சந்தைக் கட்டடம், குடிநீர்த் திட்டம், கழிவகற்றல் ஆகியவற்றுக்கும் அவ்வாறே மாதிரி ஒப்பந்தங்களைச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கலாம். சேவைத் தரம், தண்டம், பயணியின் முறைப்பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற மூன்றும் அவற்றில் நிரப்பாமல் விட முடியாத பந்திகளாக இருக்க வேண்டும்.

நீண்ட குத்தகையின் பாரம் என்னவென்று மலையகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1992இல் அரச தோட்டங்கள் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. பின்னர் குத்தகை 53 ஆண்டுகளானது. தோட்டத்து வரிசை வீடுகளான லயன்களில் வாழ்ந்தவர்கள் அந்தப் பத்திரங்களில் ஒரு தரப்பாக இருக்கவில்லை, கூரைத் தகரத்தை மாற்றுவது யார் பொறுப்பு என்ற தகராறு இன்னும் தீரவில்லை. இப்போது தேவை இன்னும் அவசரமானது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்த பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. பாதை, தண்ணீர், விளக்கு என்று செய்ய வேண்டியவை மலைபோல் குவிந்திருக்கின்றன, சபைகளின் வருமானமோ சொற்பம். தனியார் பங்காளிகளை நாடுவது தவிர்க்க முடியாதது. நான் அதற்கு எதிரானவளும் அல்ல. இந்தக் கூரையே அதற்குச் சாட்சி.

பகல் பயணிகளுக்கு இந்த நிலையத்தைத் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். இரவு பஸ்ஸுக்கு நிற்பவர்களின் கணக்கில் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. மேல்தள விரிவாக்கத்துக்கான கூடுதல் ஒப்பந்தம் சபையில் பேசப்பட்டு வருகிறது. கடைசி பஸ் புறப்படும் வரை விளக்கும் மலசலகூடமும் இயங்க வேண்டும், தவறும் ஒவ்வோர் இரவுக்கும் தண்டம் வாடகையில் கழிக்கப்பட வேண்டும், ஒப்பந்தத்தின் சுருக்கம் டிக்கட் கவுண்டர் அருகே தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும் என்று தவிசாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அதே கடிதத்தில் கையெழுத்திட விரும்புவோருக்காகப் பிரதியொன்றைப் பொது நூலகத்தில் வைத்திருக்கிறேன்.