கருத்தரிப்புக்கான சீன மருத்துவ உணவு ஆலோசனை: மூன்று மாதம் போய் வந்த அனுபவம்

ஒரு வருடத்துக்கும் மேலாகக் குழந்தைக்காக முயன்று அலுத்துப் போயிருந்த நேரம், சரி, சாப்பாட்டையாவது மாற்றிப் பார்ப்போம் என்று சீன மருத்துவம் பார்க்கும் ஒருவரிடம் மூன்று மாத உணவு ஆலோசனையில் சேர்ந்தேன்.

முதல் சந்திப்பு ரொம்பப் பிடித்திருந்தது. காபி குடிக்காமல், நாக்கை வழிக்காமல் வரச் சொன்னார்கள், இல்லையென்றால் நாக்கின் நிறமும் படிவும் சரியாகத் தெரியாதாம். ஜன்னல் வெளிச்சத்தில் நாக்கை நீட்டச் சொல்லி, ஓரத்தில் பல் பதிந்த தடங்களைக் கண்ணாடியில் எனக்கே காட்டினார். அப்புறம் இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நெடுநேரம் நாடி பார்த்தார். மாதவிலக்கு, தூக்கம், செரிமானம், பாதம் சில்லென்று இருக்கிறதா என்பது வரை கேட்டார். இவ்வளவு பொறுமையாக என்னிடம் யாரும் விசாரித்ததில்லை.

அவர்கள் கணக்கில் கருவளத்துக்கு மூலம் சிறுநீரகம் காத்து வைத்திருக்கும் 'ஜிங்' என்ற உயிர்ச்சாரம், அதற்கு அன்றாட ஊட்டம் மண்ணீரல் வழியாகப் போகிறது (ஸ்கேனில் தெரியும் உறுப்புகளை அப்படியே நினைத்துவிட வேண்டாம், இவை உடலின் இயக்கங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள்). செரிமானம் அடுப்பில் ஏற்றிய பானை, ஐஸ் தண்ணீரும் வேகாத காய்கறியும் அந்தச் சூட்டைத் தணித்துவிடும் என்றார். அதனால் காலையில் இஞ்சியும் சிவப்பு இலந்தையும் போட்டுக் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி, மாதவிலக்கு முடிந்ததும் 'ரத்தத்தை ஊட்ட' கறுப்பு எள், கோஜி பெர்ரி, முட்டை, கருமுட்டை வெளியான பிறகு கதகதப்பு தரும் சூப். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கோஜி பெர்ரி பக்கம் போகாதீர்கள், ரத்தக் கசிவு ஆபத்து உண்டு.

வயிற்று உப்புசம் போனது, நல்ல தூக்கம் வந்தது. நேரத்துக்குச் சூடாகச் சாப்பிட்டதால்தான் என்று நினைக்கிறேன், உணவுப் பகுதிக்கு முழு மதிப்பெண் தருவேன்.

ஆனால் 'கர்ப்பப்பையில் குளிர்ச்சி' என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டு, என் கணவரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காததை என்னால் மன்னிக்க முடியவில்லை. பரிசோதனைப் பேச்சை எடுத்தாலே 'மூன்று மாதம் போகட்டும்' என்பார். 35 வயதைத் தாண்டிய பெண் ஆறு மாதம் முயன்றும் கரு தங்கவில்லையென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும், எனக்கோ 36. அவர்கள் போற்றும் 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்ற பழைய சீன மருத்துவ நூலே பெண்ணின் உடலை ஏழேழு வருடமாக எண்ணி, ஐந்தாவது ஏழான 35-இல் இறக்கம் தொடங்குவதாகச் சொல்கிறது. அந்த வயதில் மூன்று மாதம் சும்மா போவது சின்ன விஷயமா?

மூலிகைப் பொட்டலம் ஒன்றும் கொடுத்தார்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதித் தரக் கேட்டேன், தரவில்லை, நான் குடிக்கவும் இல்லை. 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் நிறுத்தாமல் போட்டேன்.

பிறகு நாங்களாகப் போய்ப் பரிசோதித்ததில் கணவருக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு என்று தெரிந்தது, சிகிச்சை நடக்கிறது. காலைக் கஞ்சியை இப்போது இரண்டு பேருக்குமாக வைக்கிறேன்.